வாய்க்காலை வகுப்பது யார்?

ஸ்பெயினில் வலென்சியா என்றொரு நகரம். அங்கே வியாழக்கிழமை தோறும் நண்பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். எட்டுப் பேரும் விவசாயிகள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் பாசனம் செய்கிறவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நடுவர்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கச் சொல்லி, புகார் உண்டா என்று கேட்கிறார்கள். முறை தவறித் தண்ணீரைத் திருப்பியவர், மடையை அடைக்காமல் விட்டு அடுத்தவர் வயலை மூழ்கடித்தவர், தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராதவர் என்று இப்படிப்பட்ட வழக்குகள்தான் வரும். வக்கீல் கிடையாது. விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடக்கிறது. எந்த வாய்க்காலில் தகராறோ, அந்த வாய்க்காலின் நடுவர் தீர்ப்பு சொல்வதிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறார். அங்கேயே தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு இல்லை. பல நூற்றாண்டுகளாக இது நடக்கிறது.

தமிழில் 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்று ஒரு பழமொழி உண்டு. பலம் உள்ளவன் எந்தப் பக்கம் வெட்டுகிறானோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். மனித வரலாற்றின் பெரும்பகுதியில், பெரும்பாலான இடங்களில், அதுவே நடைமுறை. தலைமடையில் நிலம் வைத்திருப்பவர் கடைமடைக்காரரின் பங்கையும் எடுத்துக்கொள்வதைத் தடுப்பது சுலபமான காரியம் இல்லை. அதை வலென்சியாவின் விவசாயிகள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால், சில சமூகங்கள் ஏன் வளமாகவும் சுதந்திரமாகவும் இருக்கின்றன, சில ஏன் இல்லை என்ற பெரிய கேள்விக்குள் நேராக நுழைந்துவிடுவோம்.

பொருளியலாளர்கள் இந்த இடத்தில் பயன்படுத்தும் சொல் 'நிறுவனங்கள்'. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு கம்பெனி, ஒரு அலுவலகக் கட்டடம், ஒரு பெயர்ப்பலகைதான் மனதில் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1993-ல் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், நிறுவனங்களை ஆட்டத்தின் விதிகள் என்று விளக்கினார். கால்பந்தில் பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது விதி. அணிகளும் கிளப்புகளும் அந்த விதிக்குள் ஆடுகிறவர்கள். அதுபோல வங்கி, கட்சி, கம்பெனி, சங்கம் எல்லாம் ஆட்டக்காரர்கள். சொத்து யாருடையது, ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும், வரி போடும் அதிகாரம் யாருக்கு, ஆட்சியில் இருப்பவரை எப்படி இறக்குவது என்பவையெல்லாம் விதிகள். இவற்றில் சில சட்டப் புத்தகத்தில் இருக்கும். பல, எழுதப்படாத பழக்கங்களாக இருக்கும். கடன் வாங்கினால் திருப்பித் தரவேண்டும் என்ற மனக்கட்டுப்பாடும், வரிசையில் முந்தக்கூடாது என்ற வழக்கமும் விதிகள்தான். இந்தக் கட்டுரையில் 'விதிகள்', 'ஏற்பாடுகள்' என்றே சொல்கிறேன், குழப்பம் குறையும்.

பதினெட்டுக் கைநாட்டுகள்

விதி மாறினால் மனிதர்கள் எவ்வளவு மாறுவார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான நிகழ்ச்சி சீனாவில் ஆன்ஹுய் மாகாணத்தின் ஷியாவோகாங் கிராமத்தில் நடந்தது. 1978-ன் கடைசி மாதங்கள். நிலம் முழுவதும் கூட்டுப் பண்ணை. எல்லாரும் சேர்ந்து வேலை செய்து, விளைச்சலைப் பொதுவில் சேர்த்து, பங்கு வாங்கவேண்டும். ஒருவர் உயிரைக் கொடுத்து உழைத்தாலும், இன்னொருவர் வரப்பில் உட்கார்ந்திருந்தாலும் வீட்டுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். ஊர் வறுமையில் கிடந்தது.

ஒரு நாள் 18 குடும்பங்களின் ஆட்கள் ரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குத் தரவேண்டிய அளவைத் தந்துவிட்டு மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி, கைநாட்டு வைத்தார்கள். அது அன்றைய சட்டப்படி பெரிய குற்றம். அதனால் இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: இதற்காகத் தலைவர்கள் சிறைக்குப் போனாலோ கொல்லப்பட்டாலோ, அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். தன் வயலின் நெல் தனக்கே என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

மறு ஆண்டு விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. மண்ணும் மழையும் ஆட்களும் பழையவைதான். மாறியது, உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே இருந்த விதி மட்டுமே. விஷயம் வெளியே தெரிந்தபோது மாகாணத் தலைமை அவர்களைத் தண்டிக்கவில்லை. 1984 வாக்கில் சீனக் கிராமங்களில் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களும் இந்த முறைக்கு வந்துவிட்டன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த விவசாயிகளுக்கு நிலம் சொந்தமாகவில்லை. நிலத்தின் உரிமை கூட்டமைப்பிடமே இருந்தது. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கிடைத்தது ஒன்றே ஒன்று: இன்று விதைத்தால் அறுக்கும்போது அது என் வீட்டுக்கு வரும் என்ற உறுதி. 'சொத்துரிமை' என்று பெரிய சொல்லாகப் பேசுவதன் அடியில் இருப்பது, நாளைய தினத்தைப் பற்றிய இந்த நம்பிக்கைதான்.

முழு உரிமைப் பத்திரம் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அர்ஜென்டினாவின் தலைநகரை ஒட்டிய புறநகர் ஒன்றில், 1981-ல் நிலமற்ற ஏழைக் குடும்பங்கள் ஒரு காலி நிலத்தில் குடியேறின. அரசு நிலம் என்று நினைத்தார்கள். பார்த்தால், அது பல தனியாருக்குச் சொந்தமாக இருந்தது. 1984-ல் அந்த நிலத்தைக் கையகப்படுத்திக் குடியிருப்பவர்களுக்கே கொடுக்கச் சட்டம் வந்தது. பழைய உரிமையாளர்களில் சிலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் நீதிமன்றம் போனார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஒருவருக்குப் பத்திரம் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருடைய ஏழ்மையும் ஒன்றுதான், வந்து சேர்ந்த நாளும் ஒன்றுதான். கலியானி, ஷார்குரோட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிற்பாடு இவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரம் கிடைத்தவர்கள் சுவரையும் கூரையையும் நன்றாகக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பத்திரத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கித் தொழில் தொடங்குவார்கள் என்று பலர் எதிர்பார்த்தது மட்டும் பெரிதாக நடக்கவில்லை, வருமானமும் உயரவில்லை. ஒரு விதியால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியையும் பார்க்கவேண்டும்.

கட்டுப்பட்ட அரசன்

சரி, விவசாயி நெல்லைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு அரசு வேண்டும். ஆனால் அந்த அரசே வந்து எடுத்துக்கொண்டால்? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தத் துறையின் ஆகக் கடினமான கேள்வி இதுதான். உங்கள் சொத்தைக் காக்கும் அளவுக்குப் பலமான எந்த அரசுக்கும் அதைப் பறிக்கும் பலமும் இருக்கும்.

இங்கிலாந்தின் கதையை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். 1672 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் மன்னர், கருவூலத்திலிருந்து கடன்காரர்களுக்குத் தரவேண்டிய பணத்தை நிறுத்திவிட்டார். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் லண்டனின் பொற்கொல்லர்களாக இருந்து வங்கியாளர்களாக வளர்ந்தவர்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் முடங்கியது. பலர் நொடித்துப் போனார்கள். அவர்களிடம் பணம் போட்டிருந்த சாதாரண ஆட்களும் சேர்ந்து அடிபட்டார்கள். மன்னர் மேல் வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்? அவருடைய விருப்பப்படி பதவியிலிருந்து நீக்கக்கூடிய நீதிபதியிடம்தானே போகவேண்டும்.

1688-ல் ஆட்சி மாறியது. மறு ஆண்டு வந்த உரிமைச் சாசனம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி போட முடியாது என்று கட்டிப்போட்டது. 1701-ல் வந்த சட்டம், நீதிபதிகளை மன்னர் தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாதபடி செய்ய வழிவகுத்தது. இதற்கு நடுவில், 1694-ல் இங்கிலாந்து வங்கி தொடங்கியது. அரசுக்குக் கடன் தருவதற்காக 12 லட்சம் பவுண்டு திரட்டவேண்டும், வட்டி 8 சதவீதம். இரண்டு வாரத்துக்குள் முழுப் பணமும் சேர்ந்துவிட்டது. அப்புறம் பல போர்கள், அரசின் கடன் பல மடங்கு ஏறியது. கடன் ஏறினால் வட்டியும் ஏறவேண்டும் அல்லவா? இறங்கியது. 1730-களில் அரசு 3 சதவீத வட்டிக்குக் கடன் வாங்க முடிந்தது.

இது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். எதுவும் செய்யலாம் என்ற மன்னருக்குக் கடன் கொடுக்க ஆட்கள் பயந்தார்கள். கை கட்டப்பட்ட அரசுக்கு வரிசையில் நின்று கொடுத்தார்கள். வாக்குத் தவறினால் தடுத்து நிறுத்த வேறொருவர் இருக்கிறார் என்பதாலேயே அந்த வாக்குக்கு மதிப்பு வந்தது. நார்த்தும் பேரி வைன்காஸ்ட் என்ற அரசியலறிஞரும் 1989-ல் இந்த வாதத்தை முன்வைத்தார்கள். வட்டி இறங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கருத்தின் அடித்தளம் உறுதியானது என்றே நான் நினைக்கிறேன். நீதிமன்றம், நாடாளுமன்றம், தணிக்கை, தேர்தல் என்ற நான்கையும் ஆட்சியாளருக்கான தடைகள் என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. ஆட்சியாளரின் சொல்லை நம்பத்தக்கதாக ஆக்குபவையும் அவையே.

ஒரு சமூகம் செழிக்க, இருப்பதைக் காப்பாற்றினால் போதாது, புதியவர்கள் உள்ளே வரவும் வழி வேண்டும். வெனிஸ் இதற்கு நல்ல உதாரணம், கெட்ட உதாரணமும் அதுவே. மத்திய காலத்தில் அந்த நகரத்தில் 'கொமெண்டா' என்றொரு கூட்டு ஒப்பந்தம் இருந்தது. பணம் உள்ளவர் ஊரில் இருந்தபடி முதல் போடுவார். பணம் இல்லாத இளைஞன் சரக்கோடு கப்பல் ஏறுவான். முழு முதலையும் மற்றவர் போட்டால்கூடப் பயணம் போனவனுக்கு லாபத்தில் கால் பங்கு உண்டு. இரண்டு மூன்று பயணம் உயிரோடு திரும்பினால் அவனே முதல் போடுகிறவனாக ஆகலாம். இப்படி மேலே வந்த புதுப் பணக்காரர்கள் நகரத்தின் பெரிய ஆட்சிமன்றத்துக்குள்ளும் வந்தார்கள். பழைய குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. 1297-ல் அவர்கள் மன்றத்தின் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள், உறுப்பினர் பதவி படிப்படியாகப் பரம்பரைச் சொத்தானது. 1315-லிருந்து உரிமை உள்ள குடும்பங்களுக்கு ஒரு பதிவேடே வந்தது. பிறகு லாபமான தொலைதூர வணிகமும் அவர்கள் கைக்குள் சுருங்கியது. வெனிஸ் உடனே விழுந்துவிடவில்லை, மேலும் சில தலைமுறைகள் பகட்டாகவே இருந்தது. ஆனால் ஏழை இளைஞன் கப்பல் ஏறி முதலாளியாகத் திரும்பும் காலம் போய்விட்டது.

கதவைச் சாத்துவதற்கு இப்படி வெளிப்படையான தீர்மானம் தேவை என்பதும் இல்லை. 1983-ல் பெரு நாட்டில் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு, ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய எவ்வளவு நேரமாகும் என்று உண்மையாகவே முயன்று பார்த்தது. 289 நாள் ஆனது. வறியவர் சட்டத்துக்கு வெளியே தொழில் நடத்துவதற்கு அவருடைய குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளவேண்டும்.

யாருடைய சுதந்திரம்?

இங்கிலாந்தை இவ்வளவு பாராட்டிவிட்டு அங்கேயே நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. அதே நாடாளுமன்றம் 1698-ல், ஆப்பிரிக்க வணிகத்தில் அரச கம்பெனிக்கு இருந்த ஏகபோகத்தை விலக்கிப் பலருக்கும் திறந்துவிட்டது. தடையற்ற போட்டி வந்தது. அதன் விளைவு, அடிமை வணிகம் பெருகியது. ஒப்பந்தம், காப்பீடு, பங்கு, நீதிமன்றம் என்று நல்ல ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்து மனிதர்களைச் சரக்காக ஏற்றி அனுப்ப உதவின. 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அது போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசு இல்லை. சொத்துரிமை அங்கே மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே விதி உறுதியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி மட்டுமே. அந்த விதிக்குள் யார் மனிதராகக் கணக்கில் வருகிறார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 1913-ன் நிலச் சட்டம், பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தை ஒதுக்கியது. அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்க முடியாது. பிரான்சில் திருமணமான ஒரு பெண் கணவருடைய சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க 1965 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1971-ல்தான் வந்தது. வளமான நாடுகளின் பட்டியலில் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் எப்போதோ ஏறிவிட்டன. அந்த வளத்தை உருவாக்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லாமல் இருந்தார்கள்.

சமூகப் பழக்கங்கள் என்று நாம் சொல்பவை இங்கேதான் முழு பலத்தோடு வேலை செய்கின்றன. சட்டம் ஒரே நாளில் மாறலாம். பிறப்பை வைத்து ஒருவரை ஒதுக்குகிற பழக்கமும், பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற எண்ணமும் தலைமுறைகள் இருக்கும். நல்ல பழக்கங்களும் அப்படித்தான், மெதுவாக ஊறி, மெதுவாகவே போகும். இத்தாலியில் 1970-ல் மாநில அளவில் புதிய அரசுகளை அமைத்தார்கள். அதிகாரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. ராபர்ட் புட்னம் என்ற அரசியலறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இருபது ஆண்டுகள் கவனித்தபோது, வடக்கில் பல அரசுகள் நன்றாக நடந்தன, தெற்கில் பல தடுமாறின. பாட்டுக் குழுவும் விளையாட்டுச் சங்கமும் கூட்டுறவும் நிறைந்த ஊர்களில் அறிமுகம் இல்லாதவரையும் நம்பிப் பழகும் பழக்கம் இருந்தது, அரசாங்கமும் அங்கே ஒழுங்காக நடந்தது என்பது அவருடைய முடிவு. அதற்கான வேர்களை அவர் மத்திய காலம் வரை தோண்டிக்கொண்டு போனதுதான் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய வரலாறு ஒரு ஊரின் இன்றைய தலைவிதி என்றால், மாற்றத்துக்கு யாரும் முயலவே வேண்டாம் என்று ஆகிவிடும்.

பேச்சுரிமை வயிற்றுக்குச் சோறு போடுமா என்று சிலர் கேட்பார்கள். போடும் என்பதற்குப் பொருளியலாளர் அமர்த்தியா சென் தந்த விடையைவிடத் தெளிவானது எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதுச் சிறுவனாக 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உயிரோடு இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அவர் காட்டினார். காரணம் எளிது. மக்கள் சாகும் செய்தி வெளியே வரும், ஆள்கிறவர் மறு தேர்தலுக்குப் பயப்படுவார். 1959 முதல் 1961 வரை சீனாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். மேலே இருப்பவர்களைத் திருப்திப்படுத்தக் கீழே இருந்தவர்கள் விளைச்சலைக் கூட்டிக் காட்டினார்கள். அந்தப் பொய்க் கணக்கை நம்பி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. பொய் என்று எழுத ஒரு பத்திரிகை இல்லை. குறைந்த மதிப்பீட்டின்படியே ஒன்றரைக் கோடிப் பேர் இறந்தார்கள். நாம் முன்பு பார்த்த ஷியாவோகாங் இருக்கும் ஃபெங்யாங் வட்டாரம் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பதினெட்டுக் கைநாட்டு வைத்தவர்கள் அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள்.

வளம் வந்தால் சுதந்திரம் வருமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். அதே சீனா அதற்குப் பிறகு, ஒரே கட்சி ஆட்சியில், வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்ததே? தென் கொரியாவின் பெரும் தொழில் வளர்ச்சி ராணுவ ஆட்சியின் கீழ்தானே தொடங்கியது? உண்மைதான். தென் கொரியாவில் மக்கள் தெருவில் இறங்கி நேரடித் தேர்தலைப் பெற்றது 1987-ல். அதற்கு முன்பே ஏற்றுமதியும் தொழிற்சாலைகளும் வளர்ந்துவிட்டன. ஆனால் அதற்கும் முன்னால் நிலச் சீர்திருத்தம் நடந்திருந்தது. குத்தகை விவசாயிகள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வடக்கிலோ, பிரிவினையின்போது ஆலைகளும் மின்சாரமும் கூடுதலாக இருந்தும், ஒரு குடும்பத்தின் பிடி இறுகி எல்லாம் தேங்கிப்போனது. ஒரே மொழியும் ஒரே வரலாறும் கொண்ட மக்கள் அவர்கள். 1945-ல் கிழித்த ஒரு கோடு அவர்களைப் பிரித்தது.

அதனால் சர்வாதிகாரத்தில் வளர்ச்சி வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். அது ஆள்பவரின் மனநிலையைப் பொறுத்தது என்பதுதான் அச்சம். நல்ல முடிவு எடுத்தால் நாடு ஓடும். கெட்ட முடிவு எடுத்தால் நிறுத்தச் சொல்ல ஆள் இருக்காது. ஜிம்பாப்வேயில் பணத்தின் மதிப்பு சரிந்து சரிந்து, 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் என்று அச்சிட்ட ஒரே பணத்தாள் வெளிவந்தது. அந்த நிலைமைக்கு ஒரு நாடு ஒரு நாளில் வந்துவிடவில்லை. நீதிமன்றமும் மத்திய வங்கியும் நாடாளுமன்றமும் ஒவ்வொன்றாகத் தலையாட்ட ஆரம்பித்தபிறகு வந்தது.

அப்படியானால் நல்ல நாட்டின் அரசியலமைப்பை எடுத்து எல்லாரும் நகல் செய்துகொள்ளலாமே? லைபீரியா 1847-ல் அமெரிக்க மாதிரியில் அரசியலமைப்பு எழுதிக்கொண்டது. குடியரசுத் தலைவர், இரண்டு அவைகள், உச்ச நீதிமன்றம் எல்லாம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் ஒரே கட்சியின் வழியாக 1980 வரை ஆண்டது. உள்நாட்டுப் பழங்குடி மக்கள் தங்கள் மண்ணிலேயே நெடுங்காலம் வாக்குரிமை இல்லாமல் இருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். எழுதியது நடக்கும் என்று மக்கள் நம்பவேண்டும், மீறினால் கேட்க ஆள் இருக்கவேண்டும்.

ஆனால் மாற்றவே முடியாது என்பதும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் லஞ்சம் மூச்சுக் காற்று மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றப் பணம். மருத்துவமனையில் நோயாளி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் பணம். 1973-ல் பீட்டர் காட்பர் என்ற உயர் காவல் அதிகாரி, வருமானத்துக்குப் பொருந்தாத 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்த்துவிட்டு, விசாரணையின்போதே நாட்டை விட்டு ஓடினார். மக்கள் கொதித்தெழுந்து ஊர்வலம் போனார்கள். 1974 பிப்ரவரியில் ஊழல் ஒழிப்பு ஆணையம் வந்தது. காவல் துறைக்குள் அதை வைக்காமல் நேராக ஆளுநரின் கீழ் வைத்தார்கள், இதுதான் முக்கியம். மறு ஆண்டு காட்பரைப் பிடித்துக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். 1977-ல் காவலர்கள் ஆணையத்துக்கு எதிராகவே கலகம் செய்தார்கள், அரசு பின்வாங்கி, பழைய குற்றங்கள் பலவற்றுக்கு மன்னிப்புக் கொடுத்தது. அந்த மன்னிப்பு நியாயமா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அதன்பின் வந்த தலைமுறை, தண்ணீருக்குப் பணம் கேட்கும் ஊழியரைப் பார்க்காமலேயே வளர்ந்தது.

கடைசியாக, ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா. 1966-ல் சுதந்திரம் பெற்றபோது நாடு முழுவதற்கும் 12 கிலோமீட்டர் தார்ச் சாலை இருந்தது. பட்டதாரிகள் 22 பேர். மறு ஆண்டு வைரம் கிடைத்தது. வைரம் கிடைத்த நாடுகளுக்கு அது எப்படிச் சாபமானது என்பதற்கு சியரா லியோனின் உள்நாட்டுப் போர் சாட்சி. இங்கே அப்படி ஆகவில்லை. முதல் தலைவர் செரெட்சே காமா, நிலத்தடிக் கனிமம் அந்தந்த இனக்குழுவுக்கு அல்ல, நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் கொண்டுவந்தார். வைரம் கிடைத்த ஒராபா அவருடைய சொந்த இனக்குழுவின் நிலப்பகுதியில் இருந்தது. அந்த நாட்டில் 'கொட்லா' என்ற பழைய ஊர்க்கூட்டம் உண்டு. தலைவர் உட்கார்ந்திருக்க, யாரும் எழுந்து அவரைக் குறை சொல்லலாம். ஊரின் சம்மதத்தால்தான் தலைவன் தலைவன் என்ற பொருளில் அவர்கள் மொழியில் ஒரு பழமொழியும் இருக்கிறது. காமாவின் அரசு இந்தப் பழக்கத்தின் மேல்தான் புதிய சட்டங்களைக் கட்டியது.

அங்கேயும் குறைகள் பெரியவை. ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் அது ஒன்று. கலஹாரியின் சான் மக்களை அரசு அவர்களுடைய பூர்விக நிலத்திலிருந்து வெளியேற்றியது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006-ல் நாட்டின் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டின் மிக எளிய மக்கள், நாட்டின் மிக வலிமையான தரப்பை நீதிமன்றத்தில் நிறுத்தி வென்றார்கள். தீர்ப்பை நடைமுறைப்படுத்துவதில் அரசு இழுத்தடித்தது வேறு வருத்தம்.

2024 அக்டோபர் 30-ல் அங்கே பொதுத் தேர்தல் நடந்தது. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி தோற்றது. குடியரசுத் தலைவராக இருந்த மொக்வீட்சி மசிசி, இறுதி முடிவுகள் முழுவதும் வருவதற்கு முன்பே செய்தியாளர்களைக் கூப்பிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்சி மாற்றத்துக்குத் துணை நிற்பதாகவும் சொன்னார். நவம்பர் முதல் நாள், டுமா போகோ பதவி ஏற்றார்.